கேட்டுப் போன காலமும் பார்த்துப் போகும் காலமும்

1970களில் ஒரு நடுத்தரக் குடும்பம் முழுப்பரீட்சை முடிந்ததும் ஊட்டிக்குப் போவது என்று முடிவெடுத்தால், முதல் வேலை ஓர் இன்லண்டு லெட்டர் எழுதுவதுதான். குன்னூரிலோ ஊட்டியிலோ வேலை பார்க்கும் சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் என்று யாராவது ஒருவர் அகப்பட்டுவிடுவார். சாயந்திரம் எவ்வளவு குளிரும்? கைக்குழந்தைக்குப் பால் கிடைக்குமா? அம்மாவுக்கு முட்டிவலி, தங்குமிடம் கீழ்த்தளத்தில் அமையுமா? பத்து நாளில் பதில் வரும். “மே நடுவில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் இருக்கும், அதற்கு முந்தின வாரமே வந்துவிடுங்கள். கம்பளி இரண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள்.” அந்த நாலு வரியில் பயணத்தின் பாதித் திட்டம் முடிந்துவிடும்.

மீதிப் பாதி பெரும்பாடு. விடியுமுன் ரயில் நிலையத்தில் வரிசையில் நின்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு இங்கிருந்து தந்தி போய், அங்கே இடம் பிடித்துப் பதில் வர வேண்டும். அது வராமல் கிளம்பியவர்கள் திரும்பும்போது கழிவறை ஓரம் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்தார்கள். ஹோல்டால், கூஜா, ஸ்டவ், அரிசி மூட்டை என்று பாதி வீடு கூடவே வரும். போன இடத்திலும் ஸ்டவ்வின் முன் உட்கார்ந்தவர் அம்மாதான். மூன்று நாள் ஊட்டியில் இருந்துவிட்டு ஏரியை ஒரே ஒருமுறை பார்த்துத் திரும்பிய பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். விடுமுறை என்ற ஒன்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கவே இல்லை என்பது அன்றைய திட்டங்களின் பெருங்குறை.

2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையம்வழி டிக்கெட் கொடுக்கத் தொடங்கிய பிறகு வரிசை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்று எந்த வண்டியில் இடம் உண்டு என்று சோற்றைக் கிளறிக்கொண்டே பார்க்கலாம். எங்கே போவது, எங்கே தங்குவது என்பதைப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். ஆனால் பழைய தவறுகள் போன இடத்தில் புதியவை வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றில் முக்கால்வாசி தேதிக் கணக்கில் நடக்கின்றன.

120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 1-ஆம் தேதி வண்டி ஏற வேண்டுமென்றால் மார்ச் 2-ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடைக் கூட்டம் உள்ள தடங்களில் சிறிது நேரத்திலேயே காத்திருப்புப் பட்டியல் ஆரம்பித்துவிடுகிறது. போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில், திரும்பும் நாளுக்கான முன்பதிவு நாலைந்து நாள் கழித்துத்தான் திறக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதைவிடப் பொல்லாதது நள்ளிரவு வண்டி. மே 15, 00.10 மணி என்று டிக்கெட்டில் அச்சாகியிருந்தால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு வந்து, வண்டி முந்தின இரவே போய்விட்டது என்று தெரிந்து நடைமேடையில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த டிக்கெட்டை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருந்தால் போதும்.

மலைக்குப் போகும் வழியும் மாறிவிட்டது. அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் கிடைத்தால் ஊட்டி வந்த மாதிரிதான். இன்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள்: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பலர் இதை அறைக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சிலர் கல்லாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் அனுமதி இல்லை என்பதும் பலருக்குச் சோதனைச்சாவடியில்தான் தெரியவருகிறது. அந்தக் காலக் கூஜா கையில் இருந்தால் கவலையே இல்லை.

இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த மலைச்சாலைகளும் குடிநீரும் அங்கே வாழ்பவர்களுக்கும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் இழப்பு அவர்களுக்குத்தான்.

தூரத்தைக் கணக்குப் போடும் விதத்திலும் ஒரு கோளாறு புகுந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சாலையில் இவ்வளவு உயரம் ஏற வேண்டும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை மலையில் அப்படிக் கடக்க முடியாது. மே மாத நெரிசலில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தும் வந்துவிடும். இது தெரியாமல் இரண்டே நாளில் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, ஏரி, பைக்காரா, சிம்ஸ் பூங்கா, அப்படியே முதுமலை வழியாக மைசூர் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்த வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச்சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. எட்டரைக்கு ஊட்டியில் சாப்பிட உட்காருகிறவர் அன்றிரவு அந்த வழியில் மைசூர் போய்ச் சேர முடியாது. பட்டியல் போட்டவரிடம் எல்லா இடத்தின் படமும் இருந்தது. அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்திருக்கும்.

இப்படி நேரத்தை யோசிக்காமல் திட்டம் போடுவதற்கு ஊட்டி மலை ரயில் நல்ல எடுத்துக்காட்டு. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய ரயில் அது; 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வழக்கமாக மேட்டுப்பாளையத்திலிருந்து தினம் காலை 7 மணியளவில் ஒரே ஒரு வண்டி கிளம்புகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறி, ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். எழுபது வயதுத் தாத்தாவும் இரண்டு வயதுப் பேத்தியும் நெருக்கமான இருக்கையில் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று யோசிக்காமலே டிக்கெட்டுக்கு முண்டியடிக்கிறார்கள். ஒரு மணி நேரச் சவாரியான குன்னூர்–ஊட்டிப் பகுதிக்குத் தினம் பல வண்டிகள் உண்டு. முதியவர்களோடு போகிறவர்கள் அதில் ஏறலாம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் அதை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது.

விடுதிப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பள்ளத்தாக்கு தெரியும். அந்த ஜன்னல் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது படத்தில் தெரியாது. இதைவிட மோசம், விடுதியின் பெயரில் போலித் தளம் நடத்தி யு.பி.ஐ.யில் முன்பணம் கறப்பவர்கள். விடுதியின் வரவேற்பறை எண்ணை வேறொரு வழியில் கண்டுபிடித்து, பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அன்று இந்த ஏமாற்று எளிதில் நடக்கவில்லை. முன்பணம் மணியார்டரில் போனது, அதை வாங்கிச் செலுத்தியவர் நமக்குத் தெரிந்த மனிதர்.

அன்று தகவல் குறைவு, கேட்பது அதிகம். இன்று கேட்பதற்கு ஆளே வேண்டாம் என்று நினைத்துவிட்டோம். இடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது, கூட வருகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. யாருக்கு மலைப்பாதையில் குமட்டும், யாருக்கு வேளைக்கு மாத்திரை வேண்டும், யாருக்கு எந்த இடத்தின்மேல் ஆசை என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

ஆகவே வரும் கோடையில் முதல் டிக்கெட்டைப் போடுவதற்கு முன், கூட வருகிற பாட்டியிடம் எத்தனை படி ஏற முடியும் என்று கேளுங்கள். அடுத்து விடுதிக்குப் போன் போட்டு, அறைக்குப் போக எத்தனை படி என்று கேளுங்கள்.