'பர்கர் கடையிலயா வேலை?' - தயங்காமல் 'ஆமாம்' என்று சொல்லுங்கள்!

கல்யாண வரவேற்பு. பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் உறவினர் கேட்கிறார்: "பையன் இப்போ என்ன பண்றான்?" அப்பா ஒரு விநாடி தயங்கிவிட்டு, "சென்னையில ஒரு எம்.என்.சி-யில இருக்கான்" என்கிறார்.

அது பொய் இல்லை. பையன் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. அங்கே அவன் சிக்கன் பொரிக்கிறான் என்பதை மட்டும் அப்பா சாம்பார் சாதத்தோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்.

பல வீடுகளுக்கு இது பழக்கமான காட்சிதான். மால்களிலும் நெடுஞ்சாலை ஓரக் கடைகளிலும் தொப்பி போட்டுக்கொண்டு ஆர்டர் எடுக்கும் இளைஞர்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் வேலையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், "ஏதோ தற்காலிகமா..." என்று இழுப்பதுதான் வழக்கம்.

கேலிக்கென்றே ஒரு சொல்

இந்த இழுவை நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. ஃபாஸ்ட்ஃபுட் பிறந்த அமெரிக்காவில் இந்த வேலையைக் கேலி செய்யவே ஒரு சொல் உண்டு: 'மெக்ஜாப்'. 1986-ல் சமூகவியலாளர் அமிதாய் எட்ஸியோனி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில், இத்தகைய வேலைகள் பதின்பருவப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று எழுதியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு அது அகராதிக்கும் போனது. 2003-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதற்குக் கொடுத்த பொருள்: குறைந்த சம்பளம், பெரிய திறமை தேவையில்லை, முன்னேற வாய்ப்பும் குறைவு.

மெக்டொனால்ட்ஸின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜிம் காண்டலூப்போ இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அகராதிக்காரர்கள் மாற்ற மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு காண்டலூப்போ திடீரென்று இறந்துபோக, அவர் இடத்துக்கு வந்தவர் சார்லி பெல். 15 வயதில், சிட்னியில் இருந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் பார்ட் டைம் ஊழியராகச் சேர்ந்தவர்!

உற்சாகம் தரும் கதைதான். ஆனால், இந்த வேலையின் மரியாதையை சார்லி பெல்லை வைத்து மட்டும் பேசினால் ஒரு சிக்கல் வரும். கவுன்டரில் நிற்கும் எல்லோரும் தலைமைப் பொறுப்புக்குப் போகப் போவதில்லை. அப்படியானால் மற்றவர்கள் பார்த்த வேலைக்கு மரியாதை கிடையாதா? 'நாளைக்கு எங்கேயோ போய்விடுவான்' என்பதற்காக மட்டும் மதித்தால், இன்று அவன் செய்வதை நாம் மதிக்கவில்லை என்றுதானே பொருள்?

அடுப்புக்குப் பின்னால்...

இன்று அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

நம் குழந்தை சாப்பிடும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பொரிந்த எண்ணெய் எத்தனை முறை சூடானது? திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் 'போலார் காம்பவுண்ட்ஸ்' எனப்படும் வேதிப்பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். அது 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கும். எண்ணெயைச் சோதித்து, 'இது போதும், கொட்டிடலாம்' என்று முடிவெடுக்கும் நேரத்தில் ஃப்ரையர் முன்னால் நிற்பது 20 வயதுப் பையனோ பெண்ணோதான்.

வெப்பநிலையும் அப்படித்தான். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த இறைச்சியை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம், உள்வரை வெந்திருக்கிறதா, பச்சை இறைச்சியைத் தொட்ட கையுறையோடு பன்னைத் தொட்டார்களா? இதில் ஒன்றில் அலட்சியம் காட்டினாலும் பாதிக்கப்படுவது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். 'பெரிய திறமை தேவையில்லை' என்று எழுதிய அகராதிக்காரர், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு கிச்சனில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை

பத்திரிகைத் துறையில் டிப்ளோமா படித்தபோது, ஃபீஸ் கட்டுவதற்காக நானும் ஒரு ஃப்ரைடு சிக்கன் கடையில் எட்டு மாதங்கள் மாலை ஷிஃப்ட் பார்த்தேன். விரல் சொடுக்கிக் கூப்பிட்டவர்களும் உண்டு. பில்லைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. ஆனால், இன்னமும் நினைவில் நிற்பது ஒரு பாட்டிதான்.

புரட்டாசி சனிக்கிழமை. பேரன் அடம்பிடித்து இழுத்து வந்திருந்தான். "கண்ணு, இந்த உருளைக்கிழங்கைக் கோழி பொரிச்ச எண்ணெயிலயா போடுறீங்க? உண்மையைச் சொல்லிடு, நான் விரதம்" என்றார். எங்கள் கடையில் சைவத்துக்குத் தனி ஃப்ரையர், தனி இடுக்கி. இருந்தாலும் உள்ளே போய், அந்த ஷிஃப்டில் யாரும் மாற்றிப் பயன்படுத்தவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்து, "தனிதான் பாட்டி, தைரியமா சாப்பிடுங்க" என்றேன். அவர் அதன் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய் பேரனோடு சாப்பிட்டார்.

அவர் நம்பியது சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை அல்ல, கவுன்டரில் நின்றவரின் வார்த்தையை. அந்தப் பொறுப்புக்குத் தனியாக ஒரு பதவிப் பெயர் தேவையில்லை என்று அன்று தோன்றியது. வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அவரிடமே திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது அங்கே கட்டாயம். இப்போது பேட்டி எடுக்கும்போதும் அதே பழக்கம்தான் கைகொடுக்கிறது.

ஹார்லெம் சொன்ன பாடம்

மானுடவியலாளர் கேத்ரின் நியூமேன் 1990-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஃபாஸ்ட்ஃபுட் ஊழியர்களைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். 1999-ல் அது 'நோ ஷேம் இன் மை கேம்' என்ற புத்தகமாக வந்தது. 'என் பிழைப்பில் எனக்கு வெட்கமில்லை' என்று அந்தத் தலைப்பைச் சொல்லலாம்.

அவர் பார்த்த கடைகளில் ஒரு வேலைக்கு 14 பேர் விண்ணப்பித்தார்கள். 'யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்' என்று ஊர் நினைத்த வேலைக்கு அவ்வளவு போட்டி! சேர்ந்தவர்களைத் தெருவில் இருந்த நண்பர்களே கேலி செய்தார்கள். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு யூனிஃபார்மில் நடக்க அவர்களுக்குத் துணையாக இருந்தது, உடன் வேலை பார்த்தவர்களின் ஆதரவும், உழைத்துச் சம்பாதிக்கிறோம் என்ற எண்ணமும்தான்.

பெருமை சோறு போடுமா?

நியாயமான கேள்வி. 'வேலையை நேசி' என்று சொல்லியே குறைந்த சம்பளத்துக்கு அதிக வேலை வாங்கும் இடங்களும் உண்டு. ஆனால், அதற்கு வசதியாக இருப்பது ஊழியரின் பெருமையா, வெட்கமா? தன் வேலையை ஒளித்து வைப்பவரால், அங்கே நடக்கும் அநியாயத்தையும் வெளியே சொல்ல முடியாது.

2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் ஃபாஸ்ட்ஃபுட் ஊழியர்கள் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியே வந்து, மணிக்கு 15 டாலர் கூலி கேட்டார்கள். அன்று அது நடக்காத காரியமாகத் தெரிந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் கலிஃபோர்னியா மாநிலத்தில், பெரிய ஃபாஸ்ட்ஃபுட் நிறுவனங்களின் கிளைகளில் வேலை செய்வோருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். 'நாங்கள் செய்வதும் வேலைதான்' என்று தலைநிமிர்ந்து சொன்னவர்களால் வந்த மாற்றம் இது.

நம் ஊரிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் ஓவர்டைம் பார்த்தால் இரண்டு மடங்கு கூலி. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் இடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தது. இ.எஸ்.ஐ பொருந்தும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு, சம்பளத்தில் 0.75 சதவிகிதம் பிடித்தம் செய்வார்கள். நிறுவனம் தன் பங்காக 3.25 சதவிகிதம் கட்ட வேண்டும். பி.எஃப் பிடித்தால் அதற்கான கணக்கு எண் ஊழியரின் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவு பதினொன்றரை மணிக்கு எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், "எப்போ நல்ல வேலைக்குப் போகப் போற?" என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "இன்னைக்குக் கூட்டம் அதிகமா? சாப்பிட்டியா? உட்கார நேரம் கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள். சம்பள நாள் வந்ததும், "பே ஸ்லிப்பை எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.