அச்சமும் பெருமிதமும்: உயிர்பிழைப்பு அச்ச விளையாட்டின் தளர்ச்சி

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கன்கண் தோன்றும் எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். செய்யுட்கும் கூத்துக்கும் உரியதாகக் கருதப்பெறும் இக்கோட்பாடு, நம் காலத்து வீடியோ விளையாட்டுகளுள் ஒரு வகையின் எழுச்சியையும் தளர்ச்சியையும் விளக்கவும் துணைசெய்கின்றது. அதனைக் கொங்கு நாட்டு உடுக்கடிப் பாட்டோடு ஒப்பிட்டு ஈண்டு ஆராய்வோம்.

அவ்வகையை ‘உயிர்பிழைப்பு அச்ச விளையாட்டு’ என்று குறிப்போம். ஜப்பானியக் காப்காம் நிறுவனத்தின் ‘ஸ்வீட் ஹோம்’ (1989), பிரான்சு நாட்டு ‘அலோன் இன் த டார்க்’ (1992) ஆகியவை இதற்கு முன்னோடிகள். ஷின்ஜி மிகாமி இயக்கிய ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) இவ்வகைக்குப் பெயரையும் இலக்கணத்தையும் தந்தது. நடைப்பிணங்கள் உலவும் மாளிகையில் ஆடுவோன் சிக்குண்கிறான். தோட்டாக்கள் மிகச் சில. கிறிஸ் என்னும் தலைவனாக ஆடுவோன் ஆறு பொருள்களுக்கு மேல் சுமத்தல் இயலாது. ஆடிய அளவைப் பதிந்து வைப்பதற்கும் தட்டச்சுப் பொறியின் மை நாடா வேண்டும். அதுவும் எண்ணி வைக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைலன்ட் ஹில்’ ஊர் முழுவதையும் மூடுபனியில் ஆழ்த்தியது. தொலைவை வரைந்து காட்டுதற்குக் கருவியின் ஆற்றல் போதாமையை மறைக்க வந்த அப்பனியே அச்சத்தின் ஊற்றாயிற்று.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? அச்சத்திற்குப் பேயும் விலங்கும் மட்டும் போதா. எதிர்ப்படுவோனது இன்மையும் வேண்டும் என்பதாம். உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டை ஆராயுமிடத்து, சுவையை நுகர்வோனையும் அவனைக் காண்போனையும் வேறு பிரித்துப் பேசுவர். புலியைக் கண்டு நடுங்குபவன் ஒருவன். அவனைக் கூத்தில் காண்பவன் மற்றொருவன். வீடியோ விளையாட்டிலோ இவ்விருவரும் ஒருவரே. நடுங்குபவன் கையில் எத்தனை தோட்டாக்கள் உள்ளன என்பது, காண்பவன் நெஞ்சில் எத்துணை அச்சம் எழும் என்பதை நேரே உறுதிசெய்கின்றது. ஆகவே, பொருள்களின் கணக்கே இங்குச் சுவையின் கணக்காகின்றது.

இவ்வகையின் திருப்பம் 2005ஆம் ஆண்டில் நேர்ந்தது. மிகாமியே இயக்கிய ‘ரெசிடென்ட் ஈவில் 4’ ஒரு சிறந்த ஆக்கம் என்பதில் ஐயமில்லை. அதில் பார்வை ஆடுவோனது தோளின் பின்னே அமைந்தது. குறி பார்த்துச் சுடுதல் எளிதாயிற்று. வீழ்ந்த பகைவர் தோட்டாக்களை விட்டுச் சென்றனர். படைக்கலம் விற்கும் வணிகனும் இடையிடையே வந்தான். அச்சப் பொருள்கள் நீங்கவில்லை. ஆடுவோனது நிலையே மாறியது. பின்வந்த ஐந்தாம் பகுதியும் (2009), ஆறாம் பகுதியும் (2012) இவ்வழியிலேயே மேலும் சென்றன. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தறுகண் என்னும் அஞ்சாமையைத் தொல்காப்பியர் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அச்சமாகத் தொடங்கிய இலக்கியவகை, தன் பெயரை மாற்றாமலே பெருமிதமாக முடிந்தது.

இம்மாற்றத்திற்குப் பொருளியற் காரணம் உண்டு. விளையாட்டு ஆக்கும் செலவு பெருகியது. செலவை ஈடுசெய்யப் பெருங்கூட்டம் வேண்டப்பட்டது. அச்சத்தை விரும்பி நாடுவோர் சிலர். வெற்றியை விரும்புவோர் பலர். ‘டெட் ஸ்பேஸ்’ வரிசையைத் தொடர்வதற்கு ஏறத்தாழ 50 இலட்சம் பேர் வேண்டும் என அதனை வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் 2012இல் கூறினர். 2013ஆம் ஆண்டின் மூன்றாம் பகுதியோடு அவ்வரிசை நின்றது. மீண்டும் வந்தது, முதற்பகுதியின் மறுவாக்கமாக 2023இல்தான்.

வீரம் மிகுந்தால் அச்சம் அழிந்தே தீருமோ எனின், அன்று. இதற்குச் சான்று திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை அடுத்தே உள்ளது. இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்த காங்கயம் பகுதியில், பிரெண்டா பெக் அம்மையார் 1965ஆம் ஆண்டில் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் வாயிலாக ஒலிப்பதிவு செய்தார். பொன்னர், சங்கர் என்னும் வீரர் இருவரின் கதை அது. அச்சத்தின் நிலைக்களன் நான்கும் அதன்கண் உள: அணங்காகத் தெய்வம், விலங்காகக் கொம்பன் என்னும் பன்றி, கள்வரின் இடத்தே வேட்டுவர், இறையாகச் சோழன்.

எனினும் வீரர்தம் ஆற்றலுக்குப் பாடகர் எல்லையிடுகின்றார். பேராற்றல் வாய்ந்த சங்கரும், பொன்னாச்சி என்னும் சிறு பெட்டைநாயின் துணையின்றிக் கொம்பனை வெல்ல இயலவில்லை. தங்கை தங்காளின் கனவுகள் வரவிருக்கும் சாவை முன்னரே உணர்த்துகின்றன. கேட்போர் அறிந்ததைத் தடுக்கும் வலி வீரர்க்கு இல்லை. படுகளச் சடங்கிலோ காண்போருள் சிலர் மருள்கொண்டு வீழ்வர். அவ்விடத்துக் காண்போனும் நுகர்வோனும் ஒருவராகின்றனர். விளையாட்டு கருவியால் எய்திய ஒருமையைக் கொங்கு மக்கள் உடுக்கையொலியால் எய்தினர்.

இக்கதையும் பெருங்கூட்டத்தை நாடியபோது அதே மாற்றத்தைக் கண்டது. மு. கருணாநிதியின் புதினத்தைத் தழுவி 2011இல் வெளிவந்த ‘பொன்னர் சங்கர்’ திரைப்படத்தில் போரும் வீரச்செயலுமே மேலோங்கின. உடுக்கடிப் பாட்டில் அச்சத்தோடு பிணைந்து நின்ற பெருமிதம், திரையில் தனித்து நின்றது.

ஆயினும் தளர்ச்சி அழிவன்று. 2010ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சிறு குழுவொன்று ஆக்கிய ‘அம்னீசியா’, ஆடுவோன் கையில் படைக்கலமே தரவில்லை. ஓடுதலும் ஒளிதலுமே அவனுக்கு உரியன. சிறு செலவு சிறு கூட்டத்தோடு நிறைவுற இடந்தந்தது. காப்காமும் ‘ரெசிடென்ட் ஈவில் 7’ (2017) வாயிலாக இன்மைக்கே மீண்டது. 2019இல் இரண்டாம் பகுதியின் மறுவாக்கத்திலும் அந்நெறியைப் போற்றியது. சுவைப்போர் இல்லாமையால் இவ்வகை தளரவில்லை. சுவையின் நிலைக்களனைத் தானே கைவிட்டமையால் தளர்ந்தது என்பதே இதனால் போதரும்.

எனவே, கொங்கு வட்டாரத்தில் கதைப்பாடல்களை ஆராயும் மாணவர், தலைவன் பெற்ற வெற்றிகளை மட்டும் தொகுத்தல் போதாது. பாடகர் எவ்விடத்து அவனிடமிருந்து எதனைப் பறிக்கின்றார் என்பதையும் குறித்தல் வேண்டும். அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்குமிடம் அதுவேயாம்.