உபதேசத்தால் ஓயாத பழக்கம்

ஐஸ்லாந்து தேசத்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில், வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால், போதையில் தள்ளாடும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்தைக் கண்டு பெரியவர்களே வேறு வீதி வழியாக ஒதுங்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1998-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளை விசாரித்தபோது, நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை தலைக்கேறும்வரை குடித்திருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2016-ல் அதே வினாவுக்கு அவ்விதம் விடையளித்தவர்கள் நூற்றுக்கு 5 பேரே.

இந்த மாறுதலின் காரணத்தை ஆராயுமுன், இளம் பிராயத்து மூளையின் சுபாவத்தைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் நெற்றிப்புற மூளை, ஏறக்குறைய 25 வயதில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. இன்பத்தைத் தேடி ஓடச் செய்யும் உட்பகுதிகளோ அதற்கு வெகுகாலம் முன்பே விழித்துக்கொள்கின்றன. குடிக்கும்போது கால் தள்ளாட்டமும் தூக்கமும் தோன்றி, வயது வந்தவரைப் 'போதும்' என்று நிறுத்துகின்றன. இளம் விலங்குகளை வைத்துச் செய்த பரிசோதனைகளிலோ, அவ்விரண்டும் குறைவாகவே தோன்ற, ஞாபகசக்தி மட்டும் அதிகமாகக் குலைந்தது. ஆகவே, கடிவாளம் பூட்டுமுன் ஓடத் தொடங்கிவிட்ட குதிரையிடம் சாஸ்திரம் பேசுவதால் என்ன பிரயோஜனம்? 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலீஸ்காரர்களையே வகுப்பறைக்கு அனுப்பிப் போதைக்கு எதிராகப் பாடம் நடத்தினார்கள். பிற்காலத்து ஆராய்ச்சிகள் அதனால் விளைந்த பலன் மிகச் சொற்பம் என்றே காட்டின.

ஐஸ்லாந்துக்காரர் உபதேசத்தை நம்பி உட்காரவில்லை. ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், இளைஞர்கள் தேடுவது உண்மையில் மனக்கிளர்ச்சியே என்றும், அதை இசையாலும் நடனத்தாலும் விளையாட்டாலும் ஊட்டலாம் என்றும் கொண்டிருந்த கருத்தை அங்கே எடுத்துச் சென்றார். பள்ளிதோறும் பிள்ளைகளிடம் வினாப்பட்டியல் கொடுத்துச் சேகரித்த விவரங்களில், பெற்றோருடன் கூடுதலான நேரம் கழிப்பவர்களும், வாரத்தில் பல நாள் பயிற்சியாளரின் கீழ் விளையாடுபவர்களும், இரவில் வெளியே சுற்றாதவர்களும் குடியை அதிகம் நாடுவதில்லை என்பது தெளிவாயிற்று. அதன்பின் 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியே வெளியில் நிற்கலாகாது என்ற விதி உறுதியாக்கப்பட்டது. பெற்றோர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, வாரக் கடைசி இரவுகளில் தாமே வீதிகளில் உலவினார்கள். விளையாட்டு, சங்கீத வகுப்புகளின் கட்டணத்தை ஈடுசெய்ய ரெய்க்யவிக் நகரசபை குடும்பங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ஊரடங்கை மட்டும் கடன் வாங்கி, மைதானத்துக்கும் ஆசிரியருக்கும் செலவிட மறுக்கும் எந்த அரசாங்கமும் இப்பலனை எதிர்பார்க்க நியாயமில்லை.

இவையெல்லாம் குடிக்கத் தொடங்காதவர்களுக்கு. தொடங்கிவிட்டவனுக்கு வழி வேறு. குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும், 1935-ல் அமெரிக்காவில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் எத்தனையோ குடும்பங்களை மீட்டது உண்மையே. எனினும் பாதி ஆயுளைக் குடியில் தொலைத்தவர்களின் நடுவே 16 வயதுப் பையனை உட்கார வைத்தால், 'நான் இவர்களைப் போல் இல்லையே' என்ற ஆறுதலோடு அவன் எழுந்து போய்விடக்கூடும். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் விவரித்த சம்பாஷணை முறையில், ஆலோசகர் வாதாடுவதில்லை. குடியால் கெட்டதென்ன என்பதை குடிப்பவன் தன் வாயாலேயே சொல்லும்படி வினவுகிறார். பிள்ளையோடு குடும்பத்தாரையும் அமர்த்திப் பேசும் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. தினந்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிவிட்டவனையோ வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்வது, வலிப்பு முதலிய அபாயங்களுக்கு இடமாகும். அவனுக்கு வைத்தியரின் மேற்பார்வை வேண்டும்.

பிள்ளை குடித்துவிட்டு வந்ததை அறிந்த பெற்றோர்களே, அன்றிரவே விசாரணை மன்றம் கூட்டாதீர்கள்; போதை தெளிந்த மறுநாள், கை ஓங்காமல் பேசுங்கள். அது மீண்டும் நிகழ்ந்தால், முற்றிப் போகட்டும் என்று காத்திராமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.