உங்களுக்குத் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஜிப்!

பேன்ட்டில் இருக்கிறது. பையில் இருக்கிறது. பர்ஸில் இருக்கிறது. சர்ரென்று இழுக்கிறீர்கள், மறந்துவிடுகிறீர்கள். அந்த ஜிப் தானாகத் திறந்துகொள்ளாமல் நிற்பதற்கு மனிதன் எத்தனை ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டான் தெரியுமா? 62!

கணக்கு வேண்டுமா? முதல் காப்புரிமை 1851. நம்பி மாட்டிக்கொள்ளக்கூடிய முதல் ஜிப் 1913!

அந்த முதல் காப்புரிமையை வாங்கியவர் யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தையல் எந்திரத்துக்கு 1846-இல் காப்புரிமை பெற்ற அதே எலியாஸ் ஹோவ்! துணியைத் தைக்கவும் அவரே, தைத்த துணியைப் பூட்டவும் அவரே!

ஆனால் மனிதர் இந்த இரண்டாவது சரக்கை விற்க முயலவே இல்லை. தையல் எந்திரத்தில் பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஜிப் யாருக்கு வேண்டும்!

அப்புறம் 42 ஆண்டுகள் சத்தமே இல்லை. 1893 ஆகஸ்ட் 29. சிகாகோவின் விட்கம் ஜட்சனுக்கு ஒரே நாளில் இரண்டு காப்புரிமைகள்! சட்டைக்கா? பேன்ட்டுக்கா? இரண்டுக்கும் இல்லை. பூட்ஸுக்கு!

ஜட்சனின் உண்மையான காதல் எது தெரியுமா? காற்றழுத்தத்தால் தெருவில் ஓடும் ரயில்! அவர் வாங்கிய 30 காப்புரிமைகளில் 14 அந்த ரயிலுக்கே போயின. ரயில் போன இடம் தெரியவில்லை. ஜிப் நின்றது!

நின்றது என்றால் உடனே நின்றுவிடவில்லை. ஜட்சனின் ஜிப்பில் இருந்தவை கொக்கிகளும் அவை மாட்டும் வளையங்களும். பின்னாளில் 'சி-கியூரிட்டி' என்று பெயர் சூட்டி விற்றார்கள். இனி பாவாடை திறந்துகொள்ளும் கவலையே இல்லை என்று விளம்பரம் வேறு. வாங்கி அணிந்த பெண்மணி கொஞ்சம் வளைந்து உட்கார்ந்தால் போதும், படக்! செக்யூரிட்டி பெயரோடு சரி!

ஜட்சன் 1909-இல் காலமானார். தன் கண்டுபிடிப்பு உலகைச் சுற்றி வளைக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது!

இதில் பைத்தியம் பிடித்தாற்போல் பணம் போட்டவர் கர்னல் லூயிஸ் வாக்கர். தொழில் வக்கீல். ஜிப் படக்கென்று திறந்தது, கம்பெனி ஊர் ஊராக இடம் மாறியது, அவர் மட்டும் விடவில்லை. எத்தனை ஆண்டுகள்? 20! வக்கீல்களிலும் இப்படி ஒருவர்!

இப்போது வருகிறார் நம் கதாநாயகன். கிடியன் சன்ட்பேக். ஸ்வீடனில் பிறந்தவர். 1905-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முதல் வேலை வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனியில். அதை விட்டுவிட்டு அடுத்த ஆண்டே திறந்துகொள்ளும் ஜிப் கம்பெனிக்கு வந்தார். வந்த இடத்தில் தொழிற்சாலை மேலாளரின் மகள் எல்விராவையே கல்யாணம் செய்துகொண்டார்!

1911-இல் எல்விரா இறந்துபோனார். சன்ட்பேக் வேலைக்குள் மூழ்கினார். 1913 டிசம்பரில் எழுந்து வந்தபோது கையில் இருந்தது இன்று நீங்கள் போட்டிருக்கும் ஜிப்!

அதற்கு முன் அவரும் ஒருமுறை சறுக்கியவர்தான். முதல் மாதிரியில் ஒரு பக்கம் உலோகத் தாடைகள், மறுபக்கம் தடித்த துணி விளிம்பு. தாடை துணியைக் கவ்வும். நன்றாகத்தான் கவ்வியது. கவ்விக் கவ்வியே துணி தேய்ந்துபோயிற்று!

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? தாடையையும் தூக்கி எறிந்தார்! ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்ற பேச்சே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பற்கள். ஒவ்வொரு பல்லிலும் மேலே ஒரு குட்டிப் புடைப்பு, கீழே அது உட்காரும் குழி. இந்தப் பல்லின் புடைப்பு எதிர்வரிசைப் பல்லின் குழிக்குள். அதன் புடைப்பு இந்தப் பக்கத்து அடுத்த குழிக்குள். இப்படியே கடைசி வரை!

அதோடு விட்டாரா? அங்குலத்துக்கு 4 என்று இருந்ததை 10, 11 ஆக்கினார். பல் சிறுத்தது, பிடி இறுகியது!

சரி, மூடிய ஜிப்பின் நடுவில் இருக்கும் பல் ஏன் கழன்று வருவதில்லை? நெரிசல் பேருந்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர் இறங்க முடியுமா? முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். படியில் நிற்பவர் இறங்கினால்தான் அடுத்தவருக்கு வழி. ஜிப்பிலும் அதேதான். ஒரு பல் வெளியே வர வேண்டுமானால் சற்றுச் சாய வேண்டும். சாய இடமில்லை. எந்த நேரத்திலும் வெளியேறும் சுதந்திரம் உள்ள பல் வரிசையின் முனையில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான்!

அந்த ஒன்றை விடுவிப்பதுதான் ரன்னரின் வேலை. ரன்னரின் வயிற்றுக்குள் ஒய் வடிவப் பாதை. நடுவில் ஓர் ஆப்பு. மேலே இழுத்தால் இரண்டு வரிசையும் ஒரு கோணத்தில் வந்து ஒவ்வொரு பல்லாகக் கோத்துக்கொள்ளும். கீழே இழுத்தால் அதே ஆப்பு ஒவ்வொரு பல்லாகப் பிரிக்கும். பூட்டும் சாவியும் ஒரே துண்டு உலோகம்!

ஆக, ஜிப்பின் பலவீனமான இடம் எது? பற்கள் அல்ல, ரன்னர் நிற்கும் இடம்! அது வழுக்கிக் கீழே இறங்கினால் பின்னாலேயே எல்லாப் பற்களும் வரிசையாகக் கைவிட்டுவிடும்.

அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்! உங்கள் பேன்ட் ரன்னருக்குள் ஒரு பொடி முள் ஒளிந்திருக்கிறது. இழுக்கும் பட்டையைப் படுக்கவைத்தால் முள் இறங்கிப் பற்களுக்கு நடுவே நிற்கும். ரன்னர் அசையாது. பட்டையைத் தூக்கினால் முள்ளும் மேலே எழும்பும். ரன்னர் ஓடும்!

நம்பிக்கை இல்லையா? ஜிப்பைப் பாதி வரை மூடுங்கள். பட்டையைக் கீழே படுக்கவையுங்கள். இப்போது துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுங்கள். அசைகிறதா? அசையாது! பட்டையை நிமிர்த்திவிட்டு இழுங்கள். ஓடிவிடும்! இத்தனை வருஷம் போட்டிருக்கிறீர்கள், ஒருநாளாவது கவனித்தீர்களா?

பள்ளிப் பைகள் பலவற்றின் ரன்னரில் இந்த முள் கிடையாது. லேசாகத் தொட்டாலே ஓடுகிறதே, அதனால்தான்!

சன்ட்பேக்கின் இன்னொரு சாமர்த்தியம் யாருக்கும் தெரியாது. ஜிப்பைக் கண்டுபிடித்ததோடு, அதைச் செய்யும் எந்திரத்தையும் அவரே கண்டுபிடித்தார்! ஒய் வடிவக் கம்பியை உள்ளே விட்டால் போதும். எந்திரம் பல்லை நறுக்கும், குழியைக் குத்தும், புடைப்பை எழுப்பும், துணி நாடாவில் கவ்வவைக்கும். ஒய் வடிவம் ஏன்? அப்போதுதான் நறுக்கும்போது துளி உலோகமும் வீணாகாது!

காப்புரிமை கிடைத்த நாள் 1917 மார்ச் 20. எண் 1,219,881. செய்த ஊர் பென்சில்வேனியாவின் மீட்வில். அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் உலகறிந்த 'டாலன்'!

முதலில் விழுந்து விழுந்து வாங்கியவர்கள் யார்? கடற்படைச் சிப்பாய்கள்! சீருடையில் பணம் வைக்கப் பை கிடையாது. முதல் உலகப் போரில் ஜிப் வைத்த இடுப்புப் பணப்பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

'ஜிப்பர்' என்ற பெயர் முதலில் எதன் மேல் ஒட்டப்பட்டது? 1923-இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி விற்ற ரப்பர் பூட்ஸின் மேல்! ஜிப்புக்குப் பெயர் கொடுத்ததே காலணிதான்!

1928. நியூயார்க்கின் இர்விங் ஷாட் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக ஜிப் வைத்த தோல் ஜாக்கெட் தைத்தார். பெயர் பெர்ஃபெக்டோ. விலை? வெறும் 5 டாலர் 50 சென்ட்! 1953-இல் மார்லன் பிராண்டோ படத்தில் போட்டுக்கொண்டு வந்தாரே, அந்த ஸ்டைல்!

1930-களில் குழந்தைகள் தாங்களே உடுத்திக்கொள்ளப் பழக ஜிப்தான் நல்லது என்று விளம்பரம் செய்தார்கள். பெற்றோர் வாங்கித் தள்ளினார்கள்!

1935-இல் பாரீஸின் எல்சா ஸ்கியாபரெல்லி வண்ண வண்ண பிளாஸ்டிக் ஜிப்புகளை விலையுயர்ந்த கவுன்களின் மேல் பளிச்சென்று தைத்தார். அதுவரை ஒளித்துவைத்த பொருள், ஒரே நாளில் ஆபரணம்!

ஆண்கள் மட்டும் பட்டனை விடுவதாக இல்லை. லீ கம்பெனி 1920-களிலேயே ஜீன்ஸில் ஜிப் வைத்துவிட்டது. லீவைஸின் புகழ்பெற்ற 501-க்கு ஜிப் வைத்த தம்பி எப்போது பிறந்தான்? 1954! அப்பாடா!

இனி ஜப்பானுக்கு வாருங்கள். உங்கள் ரன்னரில் ஒய்.கே.கே. என்று மூன்று எழுத்து இருக்கிறதா? அதன் தந்தை டடாவோ யோஷிடா. 1934 ஜனவரி 1, புத்தாண்டு நாளில் டோக்கியோவில் கடை திறந்தார். 1945 குண்டுவீச்சில் தொழிற்சாலை சாம்பல்!

மறுபடி எழுந்தார். கையால் செய்த ஜிப்பை வெளிநாட்டு வியாபாரியிடம் பெருமையாக நீட்டினார். அவரோ தன் பையிலிருந்து அமெரிக்க ஜிப்பை எடுத்துக் காட்டினார். விலையும் குறைவு, தரமும் மேல்! யோஷிடா முகம் சுண்டி உட்கார்ந்துவிடவில்லை. 1950-இல் அமெரிக்காவிலிருந்தே எந்திரங்களை வரவழைத்தார்!

அதன் பிறகு அந்தக் கம்பெனி செய்ததுதான் வேடிக்கை. பித்தளையைத் தானே உருக்குகிறது. நாடாவைத் தானே நெய்கிறது. எந்திரத்தையும் தானே செய்கிறது. கடைசியில் அட்டைப் பெட்டியையும்கூட வெளியில் வாங்குவதில்லை என்று சொன்னாலும் நான் நம்பிவிடுவேன்!

ஆண்டுக்கு எத்தனை விற்கிறார்கள்? ஏறத்தாழ 1,000 கோடி! உலகத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும்!

ரன்னரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 3, 5, 8, 10 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம், ஏறத்தாழ மில்லிமீட்டரில்! எண் ஏற ஏற ஜிப்பும் முரடு. கூடாரத்துக்கு 8, 10. மெல்லிய துணிக்கு 3.

நைலான் ஜிப்பில் பற்களே கிடையாது! உற்றுப் பாருங்கள். ஒரே நைலான் இழை, சுருள் சுருளாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. நடுவில் பிளந்துகொண்டால் கவலையே வேண்டாம். ரன்னரைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினால் காயம் ஆறிவிடும்! பித்தளை ஜிப்பில் ஒரு பல் போனால் போனதுதான்.

ரன்னர் ஓடுகிறது, ஆனால் பற்கள் சேரவில்லையா? பற்கள் மேல் பழி போடாதீர்கள். ஓடி ஓடி ரன்னரின் வாய் அகன்றுவிட்டது, அவ்வளவுதான். குறடால் இரண்டு ஓரத்தையும் மெல்ல ஒரு நசுக்கு. ஓடும்! அடம்பிடித்தால் மெழுகுவத்தியையோ பென்சில் முனையையோ பற்களில் தேயுங்கள். பை தைக்கும் கடைக்காரர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை!

நிலவுக்கும் ஜிப் போயிருக்கிறது! 1969-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் போட்டிருந்த விண்ணுடையில் முதுகிலிருந்து கால் இடுக்கு வரை நீண்ட ஜிப். வெளியே வெற்றிடம். உள்ளே கடல்மட்டக் காற்றழுத்தத்தில் கால் பங்கு. நடுவில் ரப்பர் விளிம்போடு இறுகிய ஜிப்! 'சி-கியூரிட்டி' மட்டும் அங்கே போயிருந்தால்!

கடலுக்கடியில் துளி நீர் புகாமல் உலர்ந்தபடியே நீந்தும் உடையிலும் இந்த வகை ஜிப்தான்!

1971-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டு. உறையில் ஜீன்ஸ் படம், அதில் நிஜமாகவே இழுக்கக்கூடிய ஜிப்! அடுக்கி அனுப்பியபோது ஜிப் அழுத்தி அடுத்த தட்டின் பாட்டைக் கெடுத்தது. தீர்வு என்ன தெரியுமா? ரன்னரைப் பாதி வரை இறக்கிவிட்டு அனுப்பினார்கள். அழுத்தினாலும் நடுவில் ஒட்டிய காகித லேபிளைத்தானே அழுத்தும்!

ஆண்களே, இதைக் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். அவசரத்தில் பேன்ட் ஜிப்பை இழுத்து, சொல்லக் கூசும் இடத்தில் மாட்டிக்கொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் 2002 முதல் 2010 வரை எத்தனை பேர்? ஆய்வாளர்களின் மதிப்பீடு 17,616!

மனிதனுக்கு முன்பே ஜிப் போட்டவர்கள் பறவைகள்! இறகின் மெல்லிய கிளைகளில் நுண்ணிய கொக்கிகள். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டுதான் இறகு தட்டையாக நிற்கிறது. பிரிந்துபோனால்? காகம் அலகால் ஒரு கோதல், மறுபடி மூடியாயிற்று. ரன்னர் வாயிலேயே இருக்கிறது!

2012 ஏப்ரல் 24. கூகுளின் முகப்புப் பக்கத்தின் குறுக்கே பெரிய ஜிப் ஒன்று தொங்கியது. சன்ட்பேக்கின் 132-ஆவது பிறந்தநாள்! ரன்னரை இழுத்தால் பக்கமே இரண்டாகப் பிளந்து அவரைப் பற்றிய தேடல் திறந்தது.

கடைசியாக ஒரு பிரம்மாண்டம். 1989 செப்டம்பர் 5. நெதர்லாந்தின் ஸ்னேக் நகரம். ஊரின் மையத்தையே சுற்றி ஒரு ஜிப்பைப் போட்டார்கள். நீளம் 2,851 மீட்டர். பற்கள் 25,65,900! வகுத்துப் பார்த்துவிட்டேன், மீட்டருக்கு மிச்சமில்லாமல் சரியாக 900!