நிழலுள் மறைந்த குன்றம்

மதுரையை அடுத்த திருநகரிலிருந்து நோக்கினால் கிழக்கே திருப்பரங்குன்றத்து மலை எழுந்து நிற்கும். காலையில் கதிரவன் அம்மலைப் பக்கமிருந்து எழுவதால், அவ்வேளையில் கைப்பேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். கண்ணுக்குத் தெரிந்த பாறை மடிப்புகளும் மரங்களும் படத்தில் ஒரே கருந்திட்டாகிவிடும்; வானமோ வெளுத்துக் கிடக்கும். மனிதக் கண் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கைப்பேசியின் ஒளியுணரி அத்துணை அகன்ற ஒளிவேறுபாட்டை ஒரே நொடியில் ஏற்க இயலாமல் திணறுகிறது.

அப்படத்தை அழிப்பதற்குமுன் கணினியில் திறந்து பார்க்கலாம். விலையின்றிக் கிடைக்கும் ‘கிம்ப்’ என்னும் மென்பொருளே இதற்குப் போதும். அமெரிக்காவின் பெர்க்லியில் பயின்ற மாணவர் இருவர் 1995இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. முதலில் படத்தின் படி ஒன்றை வேறு பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டும். மூலத்தில் கைவைத்தல் கூடாது.

பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளியையும் மென்பொருள் எண்ணாகவே அறியும். வழக்கமான ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. ‘லெவல்ஸ்’ கருவியைத் திறந்தால், இம்மதிப்புகளின் பரவல் கணக்குப் பாடத்து நிகழ்வுச் செவ்வகம்போலக் காட்சி தரும். இடப்புறம் குவிந்திருப்பது மலையின் நிழல். வலப்புற ஓரத்தில் சுவரில் மோதியதுபோல் நிற்பது வெளுத்த வானம். நடுவிலுள்ள முக்கோணக் குறியை இடப்பக்கம் மெல்ல நகர்த்தினால், கருந்திட்டுக்குள்ளிருந்து பாறைப் பிளவுகள் ஒவ்வொன்றாய் வெளிவரும். 12க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாவிடினும் கோப்பில் பதிந்திருந்ததே இதற்குக் காரணம். அளவு மீறினால் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றிவிடும். வானத்தை இவ்வாறு மீட்க இயலாது. அங்கு முகிலும் நீலமும் 255 என்றே பதிவாகியுள்ளன. பதிவாகாத வேறுபாட்டை எந்தக் கருவி தரும்? எனவே, இத்தகைய ஒளியில் சற்றே இருட்டாகப் படமெடுப்பது நல்லது.

சாய்ந்த படத்தை நிமிர்த்துவதும், ஓரத்தில் நுழைந்த யாரோ ஒருவரின் கையை வெட்டி நீக்குவதும் சில நொடி வேலைகளே. நகல் தூரிகையைப் பற்றியோ தனியே பேச வேண்டியுள்ளது. ஓரிடத்துப் புள்ளிகளை எடுத்து மற்றோரிடத்தின்மேல் அது பூசும். மலைக்குக் குறுக்கே ஓடும் மின்கம்பியையும் மறைத்துவிடும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்திற்கு அதனால் கேடில்லை. ஆனால், கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சென்று, பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் அடியிலுள்ள வட்டெழுத்துகளைப் படமெடுப்பதாகக் கொள்வோம். ஒளிமாறுபாட்டைக் கூட்டினால் மங்கிய எழுத்துகள் துலங்கும். படிப்பவருக்கு அது பெருந்துணை. அதே படத்தில், பாறைக் கறை என்றெண்ணித் தூரிகையால் நாம் மறைக்கும் கோடு, ஓர் எழுத்தின் உறுப்பாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் காண்பவர் அதனை ஒருபோதும் அறியமாட்டார். அத்தகைய படத்தில் அத்தூரிகையைத் தொடாதிருப்பதே முறை. செய்த பிற திருத்தங்களைப் படத்தின் கீழே குறித்து, மூலக்கோப்பையும் உடன்வைத்துத் தருதல் வேண்டும்.