34 வயதில் மறைந்த ஹாலிவுட் நட்சத்திரம்... லாரிகளுக்குப் பின்னால் வாழும் பெயர்! - ஜெய்ன் மேன்ஸ்ஃபீல்டின் கதை

அமெரிக்காவில் ஹைவேயில் போகும் பெரிய டிரெய்லர் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நேரில் பார்க்காவிட்டாலும் ஹாலிவுட் படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் பின்னால், தரையிலிருந்து சற்று உயரத்தில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி தொங்கும். பெரும்பாலும் சிவப்பு, வெள்ளைப் பட்டை ஒட்டியிருப்பார்கள்.

அந்தக் கம்பிக்கு அங்கே ஒரு செல்லப்பெயர் உண்டு. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்'.

அதைக் கண்டுபிடித்த இன்ஜினீயரின் பெயரோ, தயாரித்த கம்பெனியின் பெயரோ அல்ல அது. ஒரு காலத்தில் அமெரிக்காவையே கிறங்கடித்த கவர்ச்சி நட்சத்திரம் ஜெய்ன் மேன்ஸ்ஃபீல்டின் பெயர். 1967 ஜூன் 29, அதிகாலை. தன் 34-வது வயதில், இப்படி ஒரு லாரியின் பின்னால் மோதிய காரில்தான் அவர் உயிர் போனது. அதே காரின் பின்சீட்டில் அவருடைய மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்!

மூன்று வயதில் பார்த்த மரணம்

ஜெய்ன் பிறந்தது 1933 ஏப்ரல் 19, பென்சில்வேனியா மாகாணத்தில். பெற்றோர் வைத்த பெயர் வேரா ஜெய்ன் பால்மர். அப்பா வழக்கறிஞர். ஜெய்னுக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா கார் ஓட்டிக்கொண்டு போனார். கூடவே மனைவியும் குட்டி ஜெய்னும். வழியிலேயே அப்பாவுக்கு மாரடைப்பு. காரிலேயே இறந்துபோனார்.

இந்த 'மூன்று வயது', 'கார்' என்ற இரண்டு வார்த்தைகளையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடியும் வரும்.

அம்மா மறுமணம் செய்துகொள்ள, குடும்பம் டெக்சாஸின் டல்லாஸ் நகருக்கு இடம் மாறியது. வயலின், பியானோ என்று வளர்ந்த ஜெய்னுக்கு சின்ன வயதிலேயே கல்யாணம். 1950 நவம்பரில் முதல் குழந்தை பிறந்தபோது அவருக்கு வயது 17. கணவர் பால் மேன்ஸ்ஃபீல்ட். அந்தத் திருமணம் நீடிக்கவில்லை. ஆனால், அந்தக் குடும்பப் பெயரைக் கடைசிவரை ஜெய்ன் விடவில்லை. பின்னாளில் லாரிக் கம்பிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே பெயர்தான்.

கைக்குழந்தையோடு கல்லூரி, நாடக வகுப்பு என்று அலைந்தார். 1954-ல் லாஸ் ஏஞ்சலீஸ் வந்து சேர்ந்தார். சினிமா வாய்ப்பு கேட்டு வந்த ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். அவ்வளவுதான்.

பிங்க் மாளிகையின் ராணி

திருப்பம் தந்தது நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை. 1955-ல் 'வில் சக்சஸ் ஸ்பாய்ல் ராக் ஹன்டர்?' என்ற நகைச்சுவை நாடகத்தில், பந்தா காட்டும் சினிமா நட்சத்திரமாக நடித்தார். 400 காட்சிகளுக்கு மேல் ஓடிய சூப்பர் ஹிட் நாடகம் அது. உடனே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்து நின்றது. அந்த நிறுவனத்துக்கு அப்போது மர்லின் மன்றோவோடு ஓயாத உரசல். 'அவர் இல்லாவிட்டால் இவர்' என்று காட்டுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் ஜெய்னை நிறுத்தினார்கள்.

1956-ல் வந்த 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' படம் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ என்று அன்றைய ராக் அண்ட் ரோல் பாடகர்கள் வரிசைகட்டி வந்த படம். 1957-ல் நம்பிக்கை தரும் புதுமுகத்துக்கான கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

எதைச் செய்தாலும் செய்தியாக்கத் தெரிந்தவர் ஜெய்ன். கடை திறப்பு விழாவா? வருவார். போட்டோகிராபர் நிற்கிறாரா? சிரிப்பார். 1957-ல் பெவர்லி ஹில்ஸில் சோபியா லாரனை வரவேற்க விருந்து நடந்தது. விருந்தின் நாயகி சோபியா. ஆனால், கழுத்து இறங்கிய கவுனில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் ஜெய்ன். சோபியா அவரை ஓரக்கண்ணால் முறைக்கும் அந்த போட்டோவை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். இன்றும் மீம்ஸாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1958-ல் ஹங்கேரியில் பிறந்த ஆணழகன் மிக்கி ஹார்கிடேவைக் காதலித்து மணந்தார். 1955-ன் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' அவர். சன்செட் புலவார்ட் சாலையில் இவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு 'பிங்க் பேலஸ்' என்று பெயர். சுவரெல்லாம் பிங்க். நீச்சல் குளம் இதய வடிவம். தச்சு வேலையும் பிளம்பிங்கும் தெரிந்த மிக்கி, மனைவிக்காகத் தானே இறங்கி வேலை பார்த்து உருவாக்கிய குளம் அது.

வயலின் வாசித்தவரை யாரும் பார்க்கவில்லை

இவ்வளவு வெளிச்சத்திலும் ஒன்று மட்டும் இருட்டிலேயே இருந்தது. அது ஜெய்னின் திறமை.

1957-ல் அமெரிக்காவின் பிரபலமான 'எட் சல்லிவன் ஷோ' டிவி நிகழ்ச்சியில் அவர் வயலினும் பியானோவும் வாசித்தார். பல மொழிகள் கற்றவர். அதே ஆண்டில் ஜான் ஸ்டைன்பெக்கின் நாவலைத் தழுவிய 'தி வேவர்ட் பஸ்' படத்தில் அழுத்தமான வேடத்திலும் நடித்தார். ஆனால், ரசிகர்கள் எதிர்பார்த்தது அந்தக் கொஞ்சல் குரலையும் 'ஒன்றும் தெரியாத பொன்முடி அழகி' வேடத்தையும்தான். ஜெய்னே அந்த வேடத்தை விற்றுத்தான் மேலே வந்தார். பிறகு அதிலிருந்து வெளியே வர நினைத்தபோது கதவு திறக்கவில்லை.

60-கள் பிறந்ததும் காலம் மாறியது. 1962-ல் மர்லின் மன்றோ இறந்துபோனார். அந்த வகைக் கவர்ச்சிக்கே மவுசு குறையத் தொடங்கியது. ஃபாக்ஸ் கைவிட்டது. மிக்கியோடு விவாகரத்து, மூன்றாவது திருமணம், அதுவும் முறிவு. ஐந்து குழந்தைகளின் தாய் இரவு விடுதிகளில் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தி வீட்டை ஓட்டினார். 1966 நவம்பரில், விலங்குகள் பூங்கா ஒன்றுக்குப் போனபோது ஆறு வயது மகன் ஸோல்டனை சிங்கம் தாக்கியது. பல நாள் மருத்துவமனையில் போராடிப் பிழைத்தான் அந்தப் பையன்.

அதற்கு ஏழு மாதங்கள் கழித்து வந்ததுதான் அந்த இரவு.

அதிகாலை 2.30 மணி

மிசிசிப்பி மாகாணத்தின் பிலாக்ஸி நகரில் ஓர் இரவு விடுதியில் நிகழ்ச்சி முடிந்தது. மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டிவி பேட்டி. தூரம் 140 கிலோமீட்டர் அளவுதான். 'இப்போதே கிளம்பிவிடலாம்' என்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கிளம்பினார்கள். ப்யூக் எலக்ட்ரா கார். முன்சீட்டில் இளம் டிரைவர், ஜெய்னின் நண்பரும் வழக்கறிஞருமான சாம் பிராடி, ஜெய்ன். பின்சீட்டில் 8 வயது மிக்லோஸ், 6 வயது ஸோல்டன், 3 வயது மரிஷ்கா. கூடவே செல்ல நாய்கள்.

சதுப்பு நிலங்களுக்கு நடுவே ஓடும் சாலை. சுமார் 2.30 மணி. முன்னால் கொசு மருந்து அடிக்கும் வண்டி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நம் தெருவில் மழைக்காலத்தில் வருமே, அதே மாதிரி வெள்ளைப் புகை. புகையைப் பார்த்து டிரெய்லர் லாரி வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த காருக்கு லாரி தெரியவில்லை. நேராக அதன் அடியில் போய்ச் செருகியது.

முன்சீட்டில் இருந்த மூவரும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். பின்சீட்டில் இருந்த மூன்று குழந்தைகளும் காயங்களோடு பிழைத்தார்கள்.

இதில் மனதைப் பிசையும் ஒரு விஷயம் உண்டு. குழந்தைகளை மீட்டவர்கள், மரிஷ்காவை முதலில் கவனிக்கவே இல்லை. சீட்டுக்கு அடியில் தலையில் காயத்தோடு சிக்கிக் கிடந்திருக்கிறாள். கண்விழித்த அண்ணன் ஸோல்டன், 'தங்கச்சி எங்கே?' என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் போய்த் தேடி எடுத்திருக்கிறார்கள்.

சாபமா? வதந்தியா?

இன்றும் இணையத்தில் ஜெய்ன் பெயரைத் தட்டினால் முதலில் வந்து விழுவது அவருடைய படங்கள் அல்ல. 'தலை துண்டானது' என்ற கதைதான். அது உண்மையில்லை. தலையில் ஏற்பட்ட கடுமையான காயமே மரணத்துக்குக் காரணம் என்றுதான் இறப்புச் சான்றிதழ் சொல்கிறது. விபத்து இடத்தில் எடுத்த படங்களில் கிடந்த பொன்னிற விக்கைப் பார்த்துக் கிளம்பிய வதந்தி அது.

இன்னொன்று, சாபக் கதை. சாத்தானை வழிபடும் குழு ஒன்றின் தலைவரோடு ஜெய்ன் பப்ளிசிட்டிக்காக போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் விட்ட சாபம்தான் பலித்தது என்று இன்னமும் வீடியோ போடுகிறார்கள்.

சாபத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இருட்டு, புகை, காரின் முன்கண்ணாடி உயரத்தில் நிற்கும் லாரியின் பின்பக்கம். காரணங்கள் இவைதான். எந்தக் காரும் எதிரில் மோதினால் முதலில் பம்பர், பிறகு இன்ஜின் என்று நசுங்கி, அடியைத் தாங்கிக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. ஆனால், உயரமான டிரெய்லருக்குப் பின்னால் மோதும்போது பம்பர் எதன் மீதும் படுவதில்லை. கார் அடியில் நுழைந்துவிடும். முதல் அடி விழுவதே உள்ளே இருப்பவர்களின் தலை உயரத்தில்தான்.

30 வருடம் காத்திருந்த கம்பி

'ஜெய்ன் இறந்ததும் சட்டம் வந்துவிட்டது' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

பின்பக்கத் தடுப்பு வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1953-லேயே இருந்தது. ஆனால், தரையிலிருந்து 30 அங்குல உயரம்வரை இருக்கலாம் என்றது அந்த விதி. காரைத் தடுக்க அது போதாது. ஜெய்ன் இறந்த அதே 1967-ல் விதியைக் கடுமையாக்கும் பேச்சு தொடங்கியது. செலவு அதிகம் என்று அது கிடப்பில் போடப்பட்டது. கடைசியில் 1996-ல்தான் புதிய விதி இறுதியானது. 1998 முதல் தயாராகும் டிரெய்லர்களில் கம்பி 22 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது. இப்படிப்பட்ட விபத்துகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் விடாமல் போராட, 2022-ல் கம்பியின் வலிமை பற்றிய விதியும் கடுமையாக்கப்பட்டது.

ஒரு நட்சத்திரத்தின் மரணம் நாட்டையே உலுக்கிய பிறகும், ஒரு கம்பி எட்டு அங்குலம் கீழே இறங்க 30 வருடங்கள் ஆகியிருக்கின்றன!

அம்மாவைத் தேடிய மகள்

சீட்டுக்கு அடியில் கிடந்த அந்த மூன்று வயதுக் குழந்தை மரிஷ்காவை மிக்கி ஹார்கிடே வளர்த்தார். இன்று மரிஷ்கா ஹார்கிடே அமெரிக்கா அறிந்த டிவி நட்சத்திரம். 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ' தொடரில், பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி ஒலிவியா பென்சனாக 1999 முதல் நடித்து வருகிறார். 2006-ல் எம்மி விருது வாங்கினார். அம்மா சிக்கிக்கொண்ட அந்தக் கவர்ச்சி வேடத்தின் பக்கமே போகாமல், நேர் எதிர்த் திசையில் நடந்தவர்.

அம்மா பற்றி மரிஷ்காவுக்குச் சொந்த ஞாபகம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் பேசிய ஜெய்ன் மட்டும்தான். 2025-ல் 'மை மாம் ஜெய்ன்' என்ற ஆவணப்படத்தை மரிஷ்காவே இயக்கினார். கேன்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. அண்ணன்களையும் அக்காவையும் கேமரா முன் உட்காரவைத்து, 'அம்மா எப்படி இருப்பாங்க?' என்று கேட்கிறார். 61 வயதில் ஒரு மகள் கேட்கும் கேள்வி அது! தன்னைப் பெற்ற தந்தை மிக்கி அல்ல, பாடகர் நெல்சன் சர்டெல்லி என்ற, பல வருடங்கள் மனதில் பூட்டிவைத்திருந்த உண்மையையும் அந்தப் படத்தில் சொன்னார். ஆனாலும் அவருக்கு 'அப்பா' என்றால் வளர்த்த மிக்கிதான்.

மூன்று வயதில் காரில் அப்பாவைப் பறிகொடுத்த ஜெய்ன். மூன்று வயதில் காரில் அம்மாவைப் பறிகொடுத்த மரிஷ்கா. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.

நம் சாலைக்கு வருவோம்

பிங்க் பேலஸை 2002-ல் இடித்துவிட்டார்கள். இதய வடிவக் குளமும் இல்லை. பென்சில்வேனியாவில் பென் ஆர்கில் என்ற சிறிய ஊரில், இதய வடிவக் கல்லறைக்குக் கீழே ஜெய்ன் உறங்குகிறார். மிச்சம் இருப்பவை சில படங்கள், மகள் எடுத்த ஒரு படம், லாரிகளுக்குப் பின்னால் ஒரு கம்பி.

நம் ஊர் லாரிகளிலும் இந்தத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அடுத்த முறை இரவில் நெடுஞ்சாலையில் போகும்போது முன்னால் போகும் லாரியைக் கொஞ்சம் கவனியுங்கள். கம்பி இருக்கிறதா, வளைந்து தொங்குகிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும், நன்றாக இடைவெளி விட்டே போங்கள். பனியோ புகையோ தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். 'நைட்டோட நைட்டா போய்டலாம்' என்று யாராவது சொன்னால், 'காலையில் போகலாமே' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்விழிக்கும்போது நாம் இருக்க வேண்டும், இல்லையா?