முதல் படகு காலை 8 மணிக்கு... ராத்திரி தூங்க வேண்டியது யார்?

"கன்னியாகுமரியில் காலை 8 மணிக்கு முதல் படகு. ராத்திரி 12 மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும். குழந்தைங்க பின்னாடி தூங்கிட்டே வந்துடும்." கார் இருக்கிற வீடுகளில் லீவு வந்தால் இந்தக் கணக்கைக் கேட்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ரோட்டில் கூட்டம் இல்லை, வெயில் இல்லை, ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம். ஆனால் இந்தக் கணக்கில் எல்லோருடைய தூக்கமும் வருகிறது. ஸ்டியரிங் பிடிக்கிறவருடைய தூக்கம் மட்டும் வருவதில்லை.

2025 பிப்ரவரியில் நாங்கள் திருச்சியிலிருந்து கன்னியாகுமரி போனோம். கார் ஓட்டுவது என் கணவர் மட்டும்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. 6 வயதில் பையன், 2 வயது தாண்டிய பெண், கூட என் மாமியார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து வந்து, சாப்பிட்டு, நள்ளிரவில் கிளம்பலாம் என்பதுதான் என் கணவரின் யோசனையாகவும் இருந்தது. "சூரிய உதயம் பார்த்துட்டு அப்படியே படகுக்குப் போயிடலாம்" என்று மாமியாருக்கும் ஆசை.

நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. என் தோழியின் அண்ணன் சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வண்டி எடுத்தவர். விடியற்காலை 4 மணி சுமாருக்கு, ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டார். கண் அசந்தது ஒரு நொடியா, இரண்டு நொடியா என்று அவருக்கே தெரியாது. குழந்தைகள் பிழைத்தார்கள். அண்ணி இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. நல்ல டிரைவர், குடிப்பழக்கம் இல்லாதவர், வேகமாகப் போகிறவரும் இல்லை.

விடியற்காலை 2 மணியிலிருந்து 5, 6 மணி வரைதான் உடம்பு "படு, படு" என்று கெஞ்சுகிற நேரம். எவ்வளவு பழகினவருக்கும் இதில் விலக்கு கிடையாது. ஜன்னலைத் திறந்து விடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. டீ, காபி குடித்தாலும் அது வேலை செய்ய அரை மணி ஆகும். அந்த அரை மணியில் எத்தனை கிலோமீட்டர் போய்விடுவோம்! அதனால், "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று ஆரம்பிக்காமல், "2 மணிக்கு வண்டி எங்கே நிற்க வேண்டும்?" என்று ஆரம்பித்தால் திட்டம் தானாக அமைந்துவிடும் என்று சொன்னேன். பேப்பரும் பேனாவுமாக மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலி 160. அதற்குப் பிறகு வள்ளியூர், காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரி 85. நாலு வழிச்சாலைதான். ஆனாலும் குழந்தைகளோடு போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது. நிறுத்தங்களையும் சேர்த்தால் திருநெல்வேலிக்கே ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். சாயங்காலம் 6.45க்குக் கிளம்பினால் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னால் திருநெல்வேலி. அங்கே ரூம் எடுத்துத் தூங்கிவிட்டு, காலை 5.45க்கு எழுந்து போனாலும் 7.15க்குள் படகுத்துறை.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு ரூமா?" என்று கேட்டார் கணவர். "அந்த நாலு மணி நேரத்துக்குத்தாங்க ரூம்" என்றேன். மாமியார்தான் கடைசியில், "உதயத்தை ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்டா. சூரியன் எங்க போயிடப் போறான்" என்று சொல்லி முடித்து வைத்தார். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மதியம் 2 மணி முதல் நாலரை வரை அவர் தூங்க வேண்டும் என்பதும் திட்டத்தில் சேர்ந்தது. அந்த நேரத்தில் நான் குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். காலிங் பெல்லையும் போனையும் அணைத்து வைத்தேன். வீட்டுப் பெண்கள் ராத்திரிப் பயணத்துக்குச் செய்கிற பெரிய உதவி புளிசாதம் கட்டுவதல்ல, இந்த இரண்டரை மணி நேரத் தூக்கத்தைக் காவல் காப்பதுதான்.

ரூம் பற்றி ஒரு வார்த்தை. முன்பணம் கட்டினால் மட்டும் போதாது. "ராத்திரி 12 மணிக்கு மேல்தான் வருவோம், கைக்குழந்தை இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் வேண்டும்" என்று போனில் சொல்லி, அன்று மாலையும் ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள். தாமதமானால் ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிற இடங்கள் உண்டு.

அடுத்த வழக்கு சின்னவளுடைய சீட். எங்கே உட்கார வைப்பது? "என் மடியில வச்சுக்கிறேன்மா, குழந்தையைக் கட்டிப் போட்டா கொண்டு போவாங்க?" என்று மாமியார் வருத்தப்பட்டார். பாசம்தான். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், 11 கிலோ குழந்தையை எந்தப் பெரியவராலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தை சீட்டை ஒரு வாரம் முன்பே வாங்கி, கூடத்தில் போட்டு அதில் உட்கார வைத்துத்தான் சோறு ஊட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் அது "என் சேர்" ஆகிவிட்டது. சீட் பெல்ட்டை அவள் பாட்டிக்கும் போட்டுவிட்டதும் மாமியார் சிரித்துவிட்டார். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடத்தான் வேண்டும்; பலர் போடுவதில்லை.

சாப்பாட்டில் அதிக ஆசை வேண்டாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, குழந்தைகளுக்குப் பொடி குறைவாக. பரோட்டா, பிரியாணி என்று வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டால் ஓட்டுகிறவருக்குத் தூக்கமும் குழந்தைக்கு வாந்தியும் நிச்சயம். காய்ச்சிய பாலை பிளாஸ்கில் ஊற்றி மணிக்கணக்கில் வைக்காதீர்கள், கெட்டுவிடும். வெந்நீர் மட்டும் பிளாஸ்கில், பால் பவுடர் தனி டப்பாவில். வாந்தி வருகிற குழந்தைக்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்வதும் என் வைத்தியம். மொபைலில் படம் போட்டுக் கொடுத்தால் குமட்டல் அதிகமாகும். வாந்தி மாத்திரையைப் பெரியவர்களுக்கு வாங்கியதில் பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சில மாத்திரைகள் மூச்சையே பாதிக்கும்.

துணிப்பை மூன்று. பெரிய பை டிக்கியில். ஒரு ராத்திரிக்கு வேண்டிய துணி, டூத் பிரஷ் மட்டும் உள்ள சின்னப் பை மேலாக. நள்ளிரவில் ரூமுக்கு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றாவது என் காலடியில்: மாற்று டிரஸ், பழைய துண்டு, பாலிதீன் கவர், டார்ச், தண்ணீர். தூங்கும்போது போடுகிற டிரஸ்ஸையே குழந்தைகளுக்குப் போட்டுக் கிளப்பினேன். கிளம்பும் முன் டயர் காற்று, ஸ்டெப்னி, முன் விளக்கு எல்லாம் பார்த்தாயிற்று. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108 என்று பையனை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவன் மதுரை வரைக்கும் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தான்.

முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். பேச்சுக் கொடுப்பதோடு, அவர் கொட்டாவி விடுகிறாரா, வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறுகிறதா, படிக்க வேண்டிய போர்டைத் தவற விடுகிறாரா என்று பார்ப்பதும் என் வேலை. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் விவாதமே கிடையாது, அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தம். ரோட்டோரத்தில் நிறுத்தித் தூங்கவே கூடாது; வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்க், டோல்கேட் பக்கத்து ஓய்விடம் என்று போக வேண்டும். இஞ்சினை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடினால் போதும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மூடிய வண்டிக்குள் தூங்குவது ஆபத்து, புகை உள்ளே வந்தால் தெரியாது.

நாங்கள் இரண்டு முறைதான் நின்றோம். மேலூர் தாண்டி ஒரு முறை, சாத்தூர் பக்கம் ஒரு முறை. குழந்தை தூங்குகிறதே என்று பாத்ரூம் போக எழுப்பாமல் விடாதீர்கள். பத்தாவது கிலோமீட்டரில் எழுந்து அழும், அங்கே பங்க் இருக்காது. 12.25க்குத் திருநெல்வேலி. ஒன்றரை மணிக்கு என் கணவரின் குறட்டைச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் பணகுடி தாண்டும்போதே சூரியன் வந்துவிட்டான். காவல்கிணறு பக்கம் காற்றாலைகளுக்கு நடுவில் சிவப்பாக எழுந்ததைக் காருக்குள்ளிருந்தே மாமியார் கும்பிட்டார். "எத்தனை ஃபேன்!" என்று பையன் கத்தியதில் தங்கையும் விழித்துவிட்டாள்.

படகுத்துறையில் குடும்பம் முழுவதும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. அவர் டிக்கெட் வரிசைக்குப் போக, நாங்கள் இட்லியை முடித்துவிட்டுச் சேர்ந்துகொண்டோம். கூட்டத்துக்குப் போகும்போது குழந்தையின் சட்டைப்பையில் அப்பா, அம்மா போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். குழந்தைக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டு, நாடாவை நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். போட்டோவுக்காகக் கழற்றுகிற பெரியவர்களைப் பார்த்தேன்.

முதல் படகுகளுக்கே போக வேண்டும் என்று நான் சொன்னது கூட்டத்துக்காக மட்டும் இல்லை. விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல் சுடும்; பிஞ்சுக் கால்கள் தாங்காது, 11 கிலோவையும் நாம்தான் தூக்க வேண்டும். காலையில் கல் குளிர்ச்சியாக இருந்தது, இரண்டும் ஓடி விளையாடின. அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் 30-ந் தேதி திறந்தது. அதற்கு முன் கடலில் தண்ணீர் குறைந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள், பாதிப் பேர் தூரத்திலிருந்து கும்பிட்டுத் திரும்புவார்கள். பையன் கண்ணாடிக்குக் கீழே அலையைப் பார்த்துக் குதித்தான். என் மாமியார் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "கீழ பார்க்காதே, 133 அடி உசரத்துல அய்யனைப் பாரு" என்று எனக்கும் உத்தரவு.

ஒன்றை மட்டும் குழந்தைகளிடம் உறுதி சொல்லாதீர்கள்: "கண்டிப்பா படகில் போவோம்." கடல் சீற்றம் என்றால் எந்த நிமிடமும் நிறுத்திவிடுவார்கள், அது நம் நல்லதுக்குத்தான். "கடல் சாமி விட்டா போவோம்" என்றுதான் நான் சொல்லி வைத்திருந்தேன். காந்தி மண்டபமும் பகவதி அம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருப்பதால் படகு ஓடாவிட்டாலும் அன்றைய பொழுது வீணாகாது. ராத்திரி கண் விழித்து, எட்டு மணிப் படகை நம்பி 380 கிலோமீட்டர் பறந்து வந்தவர்கள்தான் அங்கே கவுன்ட்டரில் சண்டை போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உதயத்தைக் கரையில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு 10 மணிக்குக் கிளம்பினோம். திரும்புகிற வழியிலும் ஒரு தூக்க நேரம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணியிலிருந்து 4 மணி வரை. விருதுநகரில் சாப்பிட்ட ஓட்டலிலேயே, மரத்தடியில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் அவர் சாய்ந்துகொண்டார். நானும் மாமியாரும் கோவில்பட்டியில் வாங்கிய கடலைமிட்டாயைப் பிரித்து உட்கார்ந்தோம். ஊருக்குக் கொடுக்க வாங்கிய நாலு பாக்கெட்டில் இரண்டுதான் திருச்சி வந்து சேர்ந்தது.

- ஒரு வாசகி, திருச்சி.